ஆதாரமற்ற வதந்தி

செய்தித்தாள் வந்ததும் எல்லாரும் தலைப்பைப் பார்ப்பார்கள். நான் வாக்கியத்தின் வாலைப் பார்ப்பேன். 'தெரிய வருகிறது' என்று முடிந்திருந்தால், யாருக்குத் தெரிய வந்தது என்று கேட்பேன். 'நம்பப்படுகிறது' என்று முடிந்திருந்தால், நம்புகிற அந்த மகராசன் யார், அவனுக்கு ஊர் பேர் கிடையாதா என்று கேட்பேன். 'மறுக்கப்படுகிறது' என்று இருந்தால் காப்பியை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவேன். பேப்பரோடு சண்டைக்கு நிற்கிறாள் என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்தப் பாஷை ஒரு காலத்தில் என் கழுத்துத் தாலி வரைக்கும் கை நீட்டியது. சூடு கண்ட பூனை நான்.

எங்கள் ஊர் அதியமான்கோட்டை. கல்யாணமான மறு வருஷமே என் வீட்டுக்காரர் சிங்கப்பூருக்கு லாரி ஓட்டப் போய்விட்டார். மழை பொய்த்துக் கிடந்த காலம். மானாவாரிக் காட்டை நம்பி உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. மாமனார் முன்பே காலமாகிவிட்டதால் வீட்டில் நானும் மாமியாரும்தான். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். வருஷம் முழுக்க, மாசிப் புளி வந்துவிட்டால் ஒரு நாள் விடாமல், இரண்டு பேரும் சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு தருமபுரியில் இருந்த புளி மண்டிக்கு நடந்து போவோம். தடியால் தட்டி ஓட்டை உதிர்க்க வேண்டும், நாரை உருவ வேண்டும், பிறகு சின்ன இரும்புத் தடியால் கொட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். சாயங்காலம் விரலெல்லாம் புளித்துப்போய் வெந்து கிடக்கும்.

மண்டி முதலாளியை நாங்கள் பாய் என்போம். சாந்தமான மனிதர். சேலத்திலிருந்து, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி கேஸில் ஓடுகிற பஸ் தொப்பூர் மேட்டில் மூச்சு வாங்கி ஏறி வந்து சேரும். அதில் அவருக்கு முந்தின நாள் பேப்பர் வரும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அதை எங்களுக்கு உரக்கப் படிப்பார். பொது அறிவு வளரட்டும் என்றெல்லாம் இல்லை. இத்தனை பொம்பளைகள் ஒரு கொட்டகையில் உட்கார்ந்தால் ஊர்வம்பு பேசி ஒருத்தி மயிரை ஒருத்தி பிடித்துக்கொள்வார்கள். அதற்கு உலக யுத்தத்தின் சண்டைச் செய்தி மேல் என்று நினைத்தார். அவரே ஒரு நாள் அப்படிச் சொன்னார்.

அத்தைக்கு எழுத்து தெரியாது. ஆனால் வாய் இருந்தது. அந்த வாய்க்கு வேலை வந்தது சின்ன ரயில் விஷயத்தில்தான். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு சின்ன ரயில் வந்து போய்க்கொண்டிருந்தது. புளி மூட்டைகள் அதில்தான் போகும். சண்டை வந்த பிறகு ஒரு நாள் பாய் படித்தார், அந்த ரயில் போக்குவரத்து தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று.

அத்தை இரும்புத் தடியைக் கீழே வைத்தார். "ஏங்க பாய், தற்காலிகம்னா கொஞ்ச நாளைக்குத்தானுங்களே?"

"ஆமாம்மா."

"அப்புறம் எதுக்குங்க தண்டவாளத்தப் புடுங்கி வண்டியில ஏத்தறாங்க? காலையில நான் கண்ணால பாத்தேன்."

பாய் பேப்பரை ஒருதரம் புரட்டிப் பார்த்தார், அடுத்த பக்கத்தில் பதில் இருக்கும் என்பதுபோல. கொட்டகையே சிரித்தது. அந்த ரயில் அதன் பிறகு வரவே இல்லை. 'தற்காலிகம்' என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு அந்தத் தண்டவாளங்கள்தான் கண்ணுக்கு முன்னால் வரும்.

அன்றிலிருந்து மண்டியில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பாய் ஒரு செய்தியைப் படிப்பார். எல்லாத் தடியும் நிற்கும். யாராவது ஒருத்தி, "திருப்பிப் போடுங்க அத்தே" என்பாள். அடையைத் திருப்பிப் போடுவதுபோல அத்தை அதைத் திருப்பிப் போடுவார். 'நமது துருப்புகள் முன்கூட்டியே நிர்ணயித்த ஸ்தானங்களுக்கு வெற்றிகரமாக வாபஸாயின' என்று பாய் படித்தால், "ஓடிட்டானுங்க" என்பார் அத்தை. 'சொற்ப சேதம்' என்றால், "பாதி ஊரு போச்சு." 'சிற்சில அசம்பாவிதங்கள் நீங்கலாக அமைதி நிலவுகிறது' என்றால், "சுட்டுட்டானுங்க." 'நிலைமை திருப்திகரமாக உள்ளது' என்று வந்துவிட்டால் அத்தை புளி ஓட்டை ஊதித் தள்ளிக் காட்டுவார்.

ஒரு போலீஸ்காரர் கூட வந்து எச்சரித்துவிட்டுப் போனார். பீதி பரப்புகிறவர்களைப் பிடித்து உள்ளே போடச் சொல்லி உத்தரவாம். அத்தை எழுந்து நின்று மரியாதையாக, "நாங்க எதைங்க பரப்பறோம்? பேப்பர்ல போட்டதைத்தானுங்க கேக்கறோம். அது பீதின்னா பேப்பர்காரனைப் போயிப் புடிங்க" என்றார். போலீஸ்காரர் எங்களிடம் ஒரு கொட்டாங்கச்சி புளி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வேடிக்கை என்னவென்றால் அத்தை திருப்பிப் போட்டதெல்லாம் பலித்தது. 'பினாங்கில் நிலைமை சமாளிக்கப்பட்டு வருகிறது' என்று வந்த அன்றே, "போச்சு" என்றார். சில நாள் கழித்து அங்கிருந்து துருப்புகள் வாபஸான செய்தி வந்தது. எங்களோடு கொட்டை எடுத்த ஒருத்தியின் தம்பி ரங்கூனில் இருந்தான். அங்கே குண்டு விழுந்ததில் இந்தியர்கள் பலர் மாண்டதாகச் சொல்வது மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்று பேப்பர் போட்டது. அவளை எதிரே வைத்துக்கொண்டு அத்தை என்ன சொல்வார்? நான் அவர் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவர் கேட்கவில்லை. "நெறைய பேரு செத்துட்டாங்க புள்ளே. நீ மனசத் தேத்திக்க" என்றார். அவள் எழுந்து போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த மாதம் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்கள் அவள் தம்பி செத்ததை உறுதி செய்தார்கள். அதற்குப் பிறகு அத்தை சொல்லுக்கு மறு சொல் கிடையாது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்கூடச் சந்தைக்கு வந்தால் மண்டிப் பக்கம் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு என்னா சொல்றாங்க?" என்று கேட்டுப் போனார்கள். பேப்பர் என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. அத்தை என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள்.

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். அஞ்சாம் வகுப்பு வரை படித்த கையோடு அதுவும் சேர்ந்து வளர்ந்தது. எனக்குப் பேப்பரின் மேல் நம்பிக்கை இல்லை. அத்தையின் வித்தை மேலும் நம்பிக்கை இல்லை. எதையும் அப்படியே நம்புகிறவனுக்கு மூளை வேண்டாம் என்றால் எதையும் அப்படியே திருப்புகிறவனுக்கும் வேண்டாம்தானே? ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் பக்கம்தான் பலித்தது. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. தவிர, மலாயாப் பக்கத்துச் செய்தி எதுவாக இருந்தாலும் அது என் வீட்டுக்காரர் இருக்கிற பக்கத்துச் செய்தி. மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் புளியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சிங்கப்பூரிலிருந்து கடைசியாக வந்த கடிதத்தில் வீட்டுக்காரர், கப்பலில் இடம் கிடைத்துவிட்டது, மாசியில் ஊரில் இருப்பேன் என்று எழுதியிருந்தார். அத்தை அதை என்னைப் படிக்கச் சொல்லிப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "எம் பையன் எழுத்தைத் திருப்பிப் போட வேண்டியதில்ல" என்றார். வீட்டுக்குச் சாணம் மெழுகினோம். நான் போன ஆடிக்குப் பிறகு எடுக்காத புதுச் சேலையை எடுத்து வெயிலில் போட்டேன்.

மாசி பிறக்கப்போகிற நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. பாய் எப்போதும்போலக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

"'சிங்கப்பூரிலிருந்து இந்தியர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கப்பலொன்று விமானத் தாக்குதலில் மூழ்கிவிட்டதாகச் சிலர் பரப்பிவரும் செய்தி ஆதாரமற்ற வதந்தி என்று அதிகாரபூர்வமாக மறுக்கப்படுகிறது. பிரயாணிகள் யாவரும் க்ஷேமமாக இருக்கின்றனர்.'"

அதுவரைக்கும் கப்பல் மூழ்கியது என்று எங்களில் ஒருத்தி காதிலும் விழுந்ததில்லை. மறுப்பின் தோளில் உட்கார்ந்துதான் அந்த வதந்தியே எங்கள் ஊருக்கு வந்தது. பாய்க்குப் படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று உறைத்தது. கண்ணாடியைக் கழற்றினார். பழக்க தோஷத்தில் எல்லாத் தடியும் நின்றுவிட்டது. யாரும் 'திருப்பிப் போடுங்க' என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாக் கண்ணும் அத்தை பக்கம் திரும்பியிருந்தது. ரங்கூனில் தம்பியைப் பறிகொடுத்தவள் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை கையில் இருந்த புளியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கப்பல் போச்சு" என்றார். "எம் பையன் போயிட்டான்."

பாய் பதறிப்போனார். "ஏம்மா, அப்படிச் சொல்லாதீங்க. சில சமயம் நெசமாவும் இருக்கும்."

"எத்தன வாட்டி படிச்சிருப்பீங்க பாய்? எந்த வாட்டி தப்பாச்சி, சொல்லுங்க."

நான் எழுந்து பாய் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கினேன். அப்படிச் செய்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது; அவரும் தடுக்கவில்லை. எழுத்தெழுத்தாகப் படித்தேன். கப்பலின் பேர் இல்லை. புறப்பட்ட நாள் இல்லை. எங்கே க்ஷேமம் என்று இல்லை. 'மறுக்கப்படுகிறது' என்று இருந்தது. மறுத்தவன் யார் என்று இல்லை. ஒரு பிடிமானமும் இல்லாத வாக்கியம். அதையே பிடித்துக்கொண்டு, "மூழ்கலைன்னுதான் போட்டிருக்காங்க அத்தே. எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு போட்டிருக்காங்க" என்றேன்.

"ஆமா புள்ளே. நல்லா இருக்கறவன நல்லா இருக்கான்னு எவன் பேப்பர்ல போடுவான்?"

நான் பேப்பரைப் பாயிடம் திருப்பிக் கொடுத்தேன்.

சில நாளில் சிங்கப்பூர் விழுந்தது. கடிதம் நின்றது. 'தபால் போக்குவரத்து தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று பேப்பர் சொன்னது. எனக்குத் தண்டவாளம் ஞாபகம் வந்தது. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. ஆள் வரவில்லை. கப்பல் மூழ்காமல் இருந்தால் அது இத்தனை நாளில் ஏதாவது ஒரு கரைக்கு வந்திருக்க வேண்டாமா என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள். காரியம் செய்யாமல் விட்டால் ஆவி அலையும், குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள். அத்தை அவர்கள் பக்கம்தான் நின்றார். நான் கத்தினேன். உடம்பைக் காட்டினால் அழுகிறேன், அதுவரைக்கும் என் கழுத்தில் கை வைத்தால் நடக்கிறது வேறு என்றேன். படித்த திமிர் என்றார்கள். பேப்பர் சொல்வதை நம்புகிற பைத்தியக்காரி என்றார்கள். வாழ்நாளில் ஒரு வரியை நம்பாத என்னைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள்.

கடைசியில் அவர்கள்தான் ஜெயித்தார்கள். உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோலத் தர்ப்பையில் ஓர் உருவம் கட்டினார்கள். அவர் விட்டுப்போயிருந்த சட்டையை அதற்குப் போர்த்திச் சுடுகாட்டில் வைத்துக் கொளுத்தினார்கள். என் தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். போட்ட கை அத்தையின் கை. அந்தக் கையை நான் வெறுத்தேன். வெகு நாள் வெறுத்தேன்.

தாலி எங்கே என்று மறுநாள் கேட்டேன். "ஏரியில போட்டுட்டேன்" என்றார். எண்ணெய்க் கிண்ணத்தைக்கூட விரலால் வழித்துத் தலையில் தடவிக்கொள்கிற மனுஷி, தங்கத்தை ஏரியில் போடுவாரா? கம்பைநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனாருக்குப் போயிருக்கும் என்று முடிவு கட்டினேன். அடுத்த முறை நாத்தனார் வந்தபோது அவள் காதையும் கழுத்தையும் உற்று உற்றுப் பார்த்தேன். புதுசாக ஒன்றும் இல்லை. அதுவே என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் வீட்டு மூலையில் பழம்புளிப் பானை ஒன்று இருந்தது. புதுப் புளியை உப்புப் போட்டு அடைத்து வைத்தால் வருஷம் போகப் போகக் கறுத்துப் பழம்புளியாகும். பிரசவித்தவளுக்கும் வயிறு சரியில்லாதவனுக்கும் அதுதான் மருந்து. அந்தப் பானையை அத்தை என்னைத் தொடவிடுவதில்லை. யாராவது கேட்டு வந்தாலும் தானே எடுத்துக் கொடுப்பார், அதுவும் மேலாக. தீண்டவிடாமல் வைத்திருக்கிற அளவுக்கு நான் என்ன ஆகிவிட்டேன் என்று மனதுக்குள் பொருமினேன். தாலியறுத்தவள் கை பட்டால் புளி கெட்டுவிடும் என்று எண்ணுகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டி வேலை நடந்தது. பாயின் பேப்பர் காகிதத் தட்டுப்பாட்டில் ஒல்லியாகிக்கொண்டே வந்தது. அரிசி கண்ணில் படாமல் கேழ்வரகுக் கூழுக்கே ஆலாய்ப் பறந்தோம். அப்போதும் 'உணவு நிலைமை திருப்திகரமாக உள்ளது' என்றுதான் போட்டார்கள். பஞ்சம் என்ற சொல்லை அவர்கள் அச்சுக் கோக்கவே இல்லை; பற்றாக்குறை என்றார்கள். பட்டினி கிடந்து செத்தவன் போஷாக்குக் குறைவால் இறந்தான். அத்தை இவற்றையும் திருப்பிப் போட்டார். ஆனால் முன்புபோல யாரும் சிரிக்கவில்லை. அவர் குரலிலும் அந்தக் காரம் இல்லை.

சண்டை முடிந்தது. அதன் பிறகு ஒரு நாள் பாய் படித்தார்: "'மலாயாவில் சிக்கியிருந்த இந்தியர்கள் படிப்படியாகத் தாயகம் திரும்பி வருகின்றனர்.'" தடிகள் நின்றன. எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். பழைய கணக்குப்படி அவர் 'ஒருத்தனும் வரமாட்டான்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

"அடுத்ததப் படிங்க பாய்" என்றார் அத்தை.

அவர் ஒரு செய்தியைத் திருப்பாமல் விட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கிழவிக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு உறுத்தியது.

எங்கள் சாதியில் தாலியறுத்தவள் மறுமணம் செய்துகொள்ளும் அறுத்துக் கட்டுகிற வழக்கம் உண்டு. அந்த வருஷம் என் அண்ணன் வந்து, நல்லம்பள்ளியில் பெண்டாட்டியை இழந்த ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர், எத்தனை நாளைக்கு இப்படி வெறுங்கழுத்தோடு புளி தட்டுவாய் என்றான். எனக்கு ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஊருக்கே செத்துப்போனவரை எனக்குள் மட்டும் உயிரோடு வைத்திருந்து களைத்துப் போயிருந்தேன். சரி என்றேன். குறுக்கே நின்றவர் அத்தை. முதலில் தை போகட்டும் என்றார். தை போனதும் புளி முடியட்டும் என்றார். அண்ணன் பங்குனிக்கு நாள் குறித்துவிட்டான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எந்தக் கையால அறுத்தீங்களோ அந்தக் கையாலயே இப்ப தடுக்கறீங்களா அத்தே? வூட்டு வேலைக்கு ஆளு போயிடுமேன்னு பயமா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பார்த்தாயா, உண்மை சுடுகிறது என்று நினைத்தேன்.

பங்குனி பிறப்பதற்கு முன்னால், ஒரு மத்தியானம், பாய் படித்துக்கொண்டிருந்தபோது கொட்டகை வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். காக்கி நிக்கர், எலும்பும் தோலுமான உடம்பு, தோளில் ஒரு பை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருக்கிறார். மாசியில் ஆத்தா மண்டியில் இருப்பாள் என்று அவருக்குத் தெரியும். நான்தான் முதலில் பார்த்தேன். என் கண்ணையே நான் நம்பவில்லை. புருவத்து வெட்டுக்காயத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அவர் அத்தையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பூ இல்லாத தலையையும் பொட்டில்லாத நெற்றியையும் வெறுங்கழுத்தையும் பார்த்துச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"என்னா ஆத்தா, இவ ஏன் இப்படி உக்காந்திருக்கா? யாரு செத்துட்டாங்க?"

பதில் சொல்ல வேண்டியவள் நான்தான் என்று தோன்றியது.

"நீங்கதான்" என்றேன்.

பாய் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு மேல் துண்டால் கண்ணைத் துடைத்தார். ரங்கூனில் தம்பியை இழந்தவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அத்தை மட்டும் எழுந்து போய் மகனின் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார், மாடு வாங்குகிறவர் பார்ப்பதுபோல. பிறகு சேலையில் இருந்த புளி நாரை உதறிவிட்டு ஊரைப் பார்த்து நடந்தார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் பின்னால் நடந்தோம்.

வழியில் வீட்டுக்காரர் சொன்னார். கப்பல் புறப்பட்டது நிஜம். கொஞ்ச தூரம் போனதும் விமானங்கள் வந்து குண்டு போட்டதும் நிஜம். ஆனால் ஒன்றும் கப்பல் மேல் விழவில்லை. கப்பலைத் துறைமுகத்துக்கே திருப்பி எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. அப்புறம் ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. இந்த நாலு வருஷமும் அங்கேதான் லாரி ஓட்டியிருக்கிறார். சண்டை முடிந்ததும் அவர் போட்ட கடிதம் எங்களுக்கு வந்து சேரவே இல்லை.

எனக்கு நடை நின்றுவிட்டது. அப்படியானால் பாய் அன்றைக்குப் படித்தது எழுத்துக்கு எழுத்து நிஜம். கப்பல் மூழ்கவில்லை. பிரயாணிகள் க்ஷேமம். அத்தனை வருஷமாகப் புளுகிப் புளுகிப் பிழைத்தவர்கள் ஒரே ஒரு நாள் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் பொய் சொல்கிற அதே குரலில், அதே வார்த்தைகளில், பேரில்லாமல் இடமில்லாமல் சொல்லியிருக்கிறார்கள். பொய் சொன்னதற்காகக்கூட நான் அவர்களை மன்னித்துவிடுவேன். அந்த ஒரு உண்மையை இப்படிச் சொன்னதற்கு மன்னிக்கவே மாட்டேன்.

வீட்டுக்குப் போனபோது அத்தை மூலையில் பழம்புளிப் பானைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டு முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டிருந்தார். கறுப்புப் புளி கட்டி கட்டியாகத் தரையில் விழுந்தது. அடியிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துச் சேலைத் தலைப்பில் வைத்துத் துடைத்தார். கயிறு மக்கி இழை இழையாக வந்துவிட்டது. உள்ளே இருந்த தாலி, ஆசாரி அன்றைக்குத்தான் செய்து கொடுத்ததுபோலப் பளபளத்தது.

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அப்ப ஏன் அத்தே அறுத்தீங்க?"

"ஊரான் வூட்டுச் சாவையெல்லாம் வாய் கூசாம சொன்னவ நான். தம்பியப் பறிகொடுத்த அந்தப் புள்ள எதுக்காலயே உக்காந்திருந்தா. எம் வூட்டுக்குன்னு வந்தா மட்டும் மாத்திச் சொல்லவா?" என்றார். அதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை.

"அப்புறம் எதுக்கு இத ஒளிச்சு வெச்சீங்க?"

அத்தை தாலியை மகன் கையில் வைத்து மூடினார்.

"எப்பவாச்சும் ஒரு நாளைக்கி அந்தப் பேப்பர்காரன் நெசத்தச் சொல்லித் தொலச்சிருந்தான்னா என்னா பண்றதுன்னு ஒரு சந்தேகம் புள்ளே" என்றார். "போ, கவுத்துக்கு மஞ்ச அரச்சிக்கிட்டு வா."